நிழல் சொன்னதும் கண் கண்டதும்

“நாடியை ப்ளேட்ல வையுங்க அண்ணாச்சி. மூக்கு படக் கூடாது. வாயைத் திறங்க. அசையாம மூச்சைப் பிடிங்க.” தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் எக்ஸ்ரே அறையில் வேலைக்காலம் முழுக்க நான் சொல்லிவந்த வார்த்தைகள் இவை. மூக்கடைப்பு, தலைபாரம், கன்னத்தில் குத்தல் என்று காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வருகிறவர்களின் சீட்டில் ‘எக்ஸ்ரே பி.என்.எஸ்., வாட்டர்ஸ் வியூ’ என்று எழுதி எங்களிடம் அனுப்புவார்கள். பி.என்.எஸ். என்றால் மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ்கள். பிற்பாடு அதே சீட்டில் ‘டி.என்.இ.’ என்று எழுத ஆரம்பித்தார்கள். மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டு நேராகப் பார்ப்பதற்கு அந்தப் பெயர். அப்புறம் ‘சி.டி. பி.என்.எஸ்.’ வந்தது. ஒரே நோய்க்கு எதற்கு இத்தனை சோதனை, இதில் எது சரியானது என்று நோயாளிகளும் கேட்டிருக்கிறார்கள், என்னிடம் படித்த ரேடியோகிராஃபி மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கருவிகள் பிறந்து வளர்ந்த கதையைச் சொன்னால்தான் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்கும். மாணவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முக எலும்புகளுக்குள் சைனஸ் என்கிற காற்றறைகள் நான்கு ஜோடி இருக்கின்றன. கன்னத்துக்குள் இருப்பது மேக்ஸிலரி, புருவத்துக்கு மேலே ஃப்ரான்டல், இரண்டு கண்களுக்கும் நடுவே சின்னச் சின்ன அறைகளாக எத்மாய்டு, மண்டையின் நடுவில் ஆழத்தில் ஸ்பீனாய்டு. ஒவ்வொன்றுக்கும் மூக்குக்குள் திறக்கும் வாசல் உண்டு. கன்னத்து அறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் வாசல் சில மில்லிமீட்டர்தான். அதுவும் முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. நடு டர்பினேட் என்கிற எலும்பு மடலுக்குப் பின்னால், ஒரு இடுக்குக்குள் மறைந்திருக்கும். சைனஸ் நோயைக் கண்டுபிடிப்பதில் உள்ள சிரமம் முழுவதும் இந்த அமைப்பிலிருந்து வருகிறது. நோய் இருக்குமிடம் எலும்புக்குள்ளே. போகும் வழியோ கண்ணுக்கு எட்டாத மூலையில்.

இங்கிலாந்து மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் 1651-இல் தம் உடற்கூற்று நூலில் கன்னத்து அறையை விரிவாக எழுதினார். அந்த அறைக்கு ‘ஹைமோரின் ஆன்ட்ரம்’ என்று பெயர் நின்றுபோனது அதனால்தான். அதில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். பல் பிடுங்கிய குழியிலிருந்து நீர் வடிவது நிற்கவில்லை. அந்தப் பெண் குழிக்குள் ஒரு வெள்ளிக் குச்சியை விட்டுப் பார்த்தார். பிறகு இழைகளை உரித்தெடுத்த இறகுத் தண்டை விட்டார். அது உள்ளே போய்க்கொண்டே இருந்ததும், மூளைக்கே எட்டிவிட்டதென்று பயந்துபோனார். தண்டு சுருண்டுகொண்டது கன்னத்து அறைக்குள்தான் என்று ஹைமோர் விளக்கினார். தன் முகத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் தாமே துழாவிப் பார்த்த இந்தச் சம்பவத்தைச் சொன்னால், வகுப்பில் பின்வரிசை மாணவர்கூட நிமிர்ந்து உட்காருவார்.

அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் துழாவல்தான். 1882-இல் எமில் ஸுக்கர்காண்டல் மூக்கையும் சைனஸ்களையும் அறுத்து, அளந்து, வரைந்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றுப் பேராசிரியரானார். இந்தக் கதை பிறகு கிராட்ஸுக்கே திரும்பி வரும். ஆனால் ஸுக்கர்காண்டல் பார்த்தவை இறந்தவர்களின் மூக்குகள். உயிரோடு இருப்பவரின் கன்னத்துக்குள் சீழ் இருக்கிறதா என்று அறிய அப்போது இரண்டே வழிகள் இருந்தன.

ஒன்று விளக்கு. 1880-களின் கடைசியில் ஜெர்மானியர் ஃபோல்டோலினியும் வார்ஸாவின் ஹெரிங்கும் பரப்பிய முறை அது. அறையை இருட்டாக்கி, சிறிய மின்விளக்கை நோயாளியின் வாய்க்குள் வைத்து உதட்டை மூடச் சொல்வார்கள். அறைக்குள் காற்று இருந்தால் கன்னம் செக்கச்செவேலென்று ஒளிரும். சீழோ தடித்த சவ்வோ இருந்தால் அந்தப் பக்கம் இருண்டு கிடக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட மூத்த மருத்துவர் ஒருவர் எங்கள் இருட்டறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு இதைச் செய்வார். எலும்பு தடித்தவர்களுக்கு நோயில்லாமலே கன்னம் ஒளிராது என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். மற்றது ஊசி. கீழ் டர்பினேட்டுக்கு அடியில் எலும்புச் சுவரைத் துளைத்து, கன்னத்து அறைக்குள் நீரைப் பீய்ச்சி, வாசல் வழியாக என்ன வருகிறது என்று கிண்ணத்தில் பிடித்துப் பார்ப்பது. ஆன்ட்ரல் வாஷ் என்போம். சோதனையும் அதுவே, சிகிச்சையும் அதுவே.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்புர்க் நகரில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள் மண்டையைப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் மண்டை படத்துக்கு ஒத்துழைக்காத பொருள். முன்னும் பின்னும் உள்ள எல்லா எலும்புகளின் நிழலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே தாளில் விழும். நியூயார்க்கில் யூஜின் கால்ட்வெல் என்ற பொறியாளர் மருத்துவம் படித்துக் கதிரியக்க மருத்துவரானார். நெற்றியும் மூக்கும் ப்ளேட்டில் படும்படி வைத்து, கதிரைச் சாய்த்து விட்டால் ஃப்ரான்டல் அறைகளும் எத்மாய்டும் துலங்கும் என்று காட்டினார். கால்ட்வெல் வியூ அவர் பெயரில் நிற்கிறது. கன்னத்து அறையைத் திறக்கும் கால்ட்வெல்–லுக் அறுவையில் வரும் ஜார்ஜ் கால்ட்வெல் வேறு ஆள். மாணவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிடுவார்கள். யூஜின் கால்ட்வெல் பல வருடங்கள் கதிருக்குத் தம் கைகளைக் கொடுத்து, அந்தக் காயம் புற்றாகி, 1918-இல் இறந்தார். ஈய ஏப்ரனைக் கட்டாமல் அறைக்குள் நுழையும் மாணவரிடம் நான் முதலில் சொல்லும் பெயர் அவருடையது.

1915-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் சார்லஸ் வாட்டர்ஸும் வால்ட்ரனும் இன்னொரு கோணத்தை வெளியிட்டார்கள். அதன் நுட்பத்தை நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். என் கைகள் வாழ்ந்த வேலை அது. காதுப் பக்கத்தில், மண்டையின் அடித்தளத்தில், பெட்ரஸ் என்று உடம்பிலேயே மிக அடர்ந்த எலும்பு ஒன்று உண்டு. நேராகப் படம் எடுத்தால் அதன் நிழல் கன்னத்து அறையின் மேலேயே விழுந்து மறைத்துவிடும். நாடியை ப்ளேட்டில் ஊன்றி, முகத்தை மேலே தூக்கி, மூக்கு நுனி ப்ளேட்டைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளி நிற்கும்படி செய்தால் பெட்ரஸின் நிழல் கீழே இறங்கிவிடும். கன்னத்து அறைகள் இரண்டும் தடையில்லாமல் முக்கோணங்களாகத் தெரியும். வாயைத் திறக்கச் சொன்னால் அந்த இடைவெளி வழியே ஸ்பீனாய்டும் எட்டிப்பார்க்கும். நாடி கொஞ்சம் தாழ்ந்தால் பெட்ரஸ் அறையின் அடிப்பகுதியில் ஏறிக்கொள்ளும்; தலை கொஞ்சம் திரும்பினால் ஒரு பக்கம் வெளுத்து, இல்லாத நோயைக் காட்டும். நோயாளியை உட்காரவைத்து, கதிரைக் கிடைமட்டமாக விட வேண்டும். அப்போதுதான் சீழின் மேல்மட்டம் நேர்கோடாகத் தெரியும். படுக்கவைத்தால் சீழ் பரவி, அறை முழுக்க மங்கலாகிவிடும். கோடு தெரியாது.

எடுத்த படத்தைச் சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில் டெவலப்பரில் முக்கி, அலசி, ஃபிக்ஸரில் போட்டு, ஹேங்கரோடு தூக்கினால் நீர் சொட்டச் சொட்ட முகம் வரும். அவசரம் என்றால் ஈரப் படத்தையே விளக்குப் பெட்டியில் மாட்டுவோம். வெளுத்த கன்னம் நோயுள்ளது, கறுத்த கன்னம் நலமானது. ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ‘மங்கல்’ என்ற பொருளில் ஒரு சொல்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லை வைத்து ஆன்ட்ரல் வாஷ் முடிவாகும். திரும்பத் திரும்ப வாஷ் செய்தும் கேட்காவிட்டால் மேலுதட்டுக்கு உட்புறம் கீறி, கன்னத்து எலும்பைத் திறந்து, உள்ளே உள்ள சவ்வையே உரித்தெடுக்கும் கால்ட்வெல்–லுக் அறுவை. வாட்டர்ஸின் கோணம் வந்ததிலிருந்து ஏறத்தாழ எழுபது வருடங்கள் உலகம் முழுக்க இதுவே நடைமுறை. சாதாரண எக்ஸ்ரேயில் மிக நன்றாகத் தெரிவது கன்னத்து அறை. மிக மோசமாகத் தெரிவது எத்மாய்டு, ஏனென்றால் அதன் மெல்லிய சுவர்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். மருத்துவமும் நன்றாகத் தெரிந்த இடத்துக்கே சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தது.

நேராகப் பார்க்கும் முயற்சி அந்தக் காலத்திலேயே இருந்தது. பெர்லினில் ஆல்ஃபிரட் ஹிர்ஷ்மன் 1901-இல், சிறுநீர்ப்பையைப் பார்ப்பதற்காக மாக்ஸ் நிட்ஸே உருவாக்கியிருந்த குழாயை மாற்றியமைத்து மூக்குக்குள் விட்டார். பல் எடுத்த குழியைப் பெரிதாக்கி, அதன் வழியே கன்னத்து அறைக்குள்ளும் பார்த்தார். ஹைமோரின் நோயாளி இறகுத் தண்டை விட்ட அதே வழி. 1925-இல் நியூயார்க்கின் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் இந்த முறைக்காகத் தனிக் கருவியையே செய்வித்து, அதன் பெருமையை எழுதினார். மனோதத்துவ நூல் ஒன்றால் 1960-இல் புகழ்பெற்ற அதே மால்ட்ஸ்தான். ஆனாலும் இந்த வழி பரவவில்லை. குழாயின் நுனியில் இருந்த சின்ன விளக்கு மங்கலானது, சூடானது. நீண்ட குழாய்க்குள் அடுக்கிய சின்ன லென்ஸ்கள் ஒளியில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. தெரிந்த காட்சி சிறியது, கலங்கியது. எக்ஸ்ரே படமோ கையில் பிடித்துக் காட்டக்கூடியது, நான்கு பேர் சேர்ந்து பார்க்கலாம், நோயாளிக்கு வலியில்லை. எண்டோஸ்கோப் பின்தங்கியதற்கு ஒளிதான் காரணம்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். லண்டன் கிழக்குப் பகுதியின் ஏழைக் குடும்பத்தில் 1918-இல் பிறந்தவர். கண்ணாடி இழைக் கற்றை வழியாக உருவத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் அவரும் அவருடைய மாணவர் நரிந்தர் சிங் கபானியும் வெளியிட்டார்கள். கபானி பஞ்சாபின் மோகாவில் பிறந்தவர். பிறகு லிவர்பூலின் சிறுநீரக மருத்துவர் ஒருவர் சிறுநீர்ப்பைக் குழாயின் மங்கலைப் பற்றி முறையிட, ஹாப்கின்ஸ் லென்ஸ் அடுக்கின் கணக்கையே தலைகீழாக்கினார். முன்பு நீண்ட காற்று இடைவெளியும் நடுநடுவே மெல்லிய கண்ணாடி லென்ஸும் இருந்தன. இவர் நீண்ட கண்ணாடித் தண்டுகளை வைத்து, நடுவே சின்னக் காற்று இடைவெளிகளை விட்டார். ஒளி பல மடங்கு கூடியது, குழாய் மெலிந்தது. 1959-இல் காப்புரிமை பெற்றும் பெரிய நிறுவனங்கள் கவனிக்கவில்லை. ஜெர்மனியின் டுட்லிங்கன் நகரத்துக் கருவித் தயாரிப்பாளர் கார்ல் ஸ்டோர்ஸ் 1960-களின் நடுவில் அதன் மதிப்பை உணர்ந்து எடுத்துக்கொண்டார். விளக்கு குழாய்க்கு வெளியே போனது. கண்ணாடி இழைக் கற்றை வழியாகக் குளிர்ந்த ஒளி உள்ளே வந்தது. இன்று டி.என்.இ. செய்யும் 4 மில்லிமீட்டர் ஸ்கோப்பின் மூதாதை அதுதான்.

அந்தத் தண்டை வாங்கிச் சைனஸின் வரலாற்றையே திருப்பியவர் கிராட்ஸில் காது மூக்கு தொண்டைப் பேராசிரியராக இருந்த வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர். சளி எப்படி நகர்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. சைனஸ் சவ்வின் மேல் நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து சளியைத் தள்ளுகின்றன. உயிர் போன பிறகும் சில காலம் அவை அசையும். அவர் அந்தச் சவ்வில் சளி போகும் தடத்தைப் படம் பிடித்து, 1966, 1967-இல் வெளியிட்டார். கன்னத்து அறையின் சளி, அறையின் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறி, இயற்கை வாசலுக்கே போகிறது. கீழே புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொடுத்தாலும் அதைச் சுற்றிக்கொண்டு பழைய வாசலுக்கே போகிறது. அந்த வாசல் திறப்பதோ எத்மாய்டின் முன்பக்க இடுக்குகளுக்குள். ஃப்ரான்டல் அறையின் வடிகாலும் அங்கேதான் சேருகிறது. தெருச்சாக்கடை அடைத்துக்கொண்டால் வீட்டுக்குள் நீர் ஏறுவதுபோல, அந்த இடுக்கு அடைத்தால் பெரிய அறைகள் இரண்டும் நோயுறுகின்றன. ஸ்கோப்பை விட்டு உயிரோடிருப்பவர்களின் மூக்கில் இதை நேராகவும் பார்த்தார். 1978-இல் மூக்கின் எண்டோஸ்கோப்பி பற்றிய அவருடைய நூல் ஆங்கிலத்தில் வந்தது.

இதைப் படித்தபோது என் தொழிலையே புதிதாகப் பார்க்க நேர்ந்தது. நான் எடுத்த வாட்டர்ஸ் படங்கள் பொய் சொல்லவில்லை. கன்னத்தில் சீழ் என்றால் சீழ்தான். ஆனால் நோய் தொடங்கும் இடம், அதாவது எத்மாய்டின் முன் இடுக்கு, அந்தப் படத்துக்கு எட்டாத இடம். படம் விளைவைக் காட்டியது, காரணத்தைக் காட்டவில்லை. விளைவை மட்டும் பார்த்து விளைவை மட்டும் கழுவிக்கொண்டிருந்தோம். நாலைந்து முறை வாஷ் செய்து திரும்பத் திரும்ப எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வந்த முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அந்த மருத்துவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. கையிலிருந்த கருவி எதைக் காட்டியதோ அதற்குள்ளேயே அவர்கள் மனதாரப் பாடுபட்டார்கள்.

எண்டோஸ்கோப்புக்கும் ஒரு எல்லை இருந்தது. இடுக்கின் வாயிலில் சவ்வு வீங்கியிருப்பதை, சீழ் வழிவதை, பாலிப் என்கிற சதை வளர்ச்சி தொங்குவதை அது காட்டும். எலும்புச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று காட்டாது. கண்ணுக்கும் மூளைக்கும் ஒட்டி, காகிதம் போன்ற எலும்புக்கு நடுவே வேலை செய்ய வேண்டிய மருத்துவருக்கு வரைபடம் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தது சி.டி. இ.எம்.ஐ. நிறுவனத்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த முதல் கருவியில், 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் ஒரு நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 1979-இல் அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நிழல்மேல் நிழல் விழும் பழைய தொல்லை அதோடு தீர்ந்தது.

இரண்டும் சேர்ந்த இடம் மறுபடியும் பால்டிமோர், வாட்டர்ஸின் ஊர். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டேவிட் கென்னடி என்ற அறுவை மருத்துவரும் ஜேம்ஸ் ஸின்ரைக் என்ற கதிரியக்க மருத்துவரும் ஒன்றாக உழைத்தார்கள். மெஸ்ஸர்கிளிங்கரின் வழியைக் கென்னடி எடுத்துக்கொண்டார். மெஸ்ஸர்கிளிங்கரின் சீடர் ஹைன்ஸ் ஸ்டாம்பர்கர் அதை உலகெங்கும் கற்பித்தார். ஸ்கோப் வழியே பார்த்து அந்த இடுக்கைத் திறந்துவிடும் அறுவை அது. கென்னடி குழுவினரின் 1985 கட்டுரைகளிலிருந்துதான் அதற்கு ‘ஃபெஸ்’ அறுவை என்ற பெயர் எங்கும் பரவியது. ஸின்ரைக் செய்ததுதான் எங்கள் பக்கத்து வேலை. அதுவரை தலையைக் குறுக்காக வெட்டிக் காட்டும் துண்டுகளையே பெரிதும் எடுத்தார்கள். அவர் முகத்தை முன்னிருந்து பின்னாகத் துண்டு துண்டாக, ஸ்கோப் வழியே மருத்துவர் பார்க்கும் அதே திசையில் எடுத்தார். 1987-இல் எண்டோஸ்கோப்பி அறுவைக்கு எப்படிப்பட்ட சி.டி. வேண்டும் என்று விளக்கமாக எழுதினார். அந்த இடுக்கு, அதன் வாசல், எத்மாய்டின் ஒவ்வொரு அறை எல்லாம் படத்தில் தெளிந்தன.

எங்கள் ஊருக்கு சி.டி. வந்தபோது நாங்கள் எடுத்ததும் கரோனல் எனப்படும் அந்த முன்பின் துண்டுகளைத்தான். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, கழுத்தை நிமிர்த்தி, நாடியை முன்னே நீட்டச் சொல்ல வேண்டும். சிரமமான நிலை, கழுத்து எலும்பு தேய்ந்த பெரியவர்களால் முடியாது. பல்லில் உலோகம் அடைத்திருந்தால் படம் முழுக்கக் கோடுகள் கிழிக்கும். அப்படிப் படுப்பதில் ஒரு நன்மையும் உண்டு: தளர்ந்த சளி முன்பக்கம் வழிந்துவிடுவதால் வாசலின் இடுக்கு துலக்கமாகத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரே சுற்றில் பல துண்டுகளை எடுக்கும் கருவிகள் வந்தன. மல்லாந்து படுத்தால் போதும்; எந்தத் திசையில் வேண்டுமானாலும் கணினியே வெட்டித் தந்துவிடும்.

இத்தனை தெளிவு வந்ததும் எல்லாரும் சி.டி.யிடமே போனார்கள். அங்கே புதிய சிக்கல் முளைத்தது. சி.டி. தேவைக்கு மேல் காட்டியது. வேறு காரணத்துக்காக மூளைப் படம் எடுத்த 666 பேரின் சைனஸ்களை ஆராய்ந்த 1988 ஆய்வு ஒன்றில், சைனஸ் தொந்தரவே இல்லாத அவர்களில் 42.5 சதவீதத்தினருக்குச் சவ்வில் ஏதோ மாற்றம் தெரிந்தது. 1994-இல் ஜாக் குவால்ட்னி குழுவினர் சாதாரண ஜலதோஷம் பிடித்த 31 பேரை சி.டி. எடுத்தார்கள். 27 பேருக்குக் கன்னத்து அறையில் மாற்றம் இருந்தது. பிறகு மறுபடி எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு, ஆன்டிபயாடிக் இல்லாமலே, அது தெளிந்தோ வெகுவாகக் குறைந்தோ போயிருந்தது. சளி பிடித்த வாரத்தில் எடுத்த சி.டி.யை வைத்து நாள்பட்ட சைனஸ் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 1993-இல் லண்டனின் வலேரி லுண்டும் இயன் மெக்கேயும் சி.டி.க்கு மதிப்பெண் முறை ஒன்றை அமைத்தார்கள், மொத்தம் 24. நோயில்லாதவர்களுக்கும் அதில் சராசரியாக நான்குக்குச் சற்று மேல் வருகிறது என்று பிறகு தெரியவந்தது. அதாவது கொஞ்சம் வெளுப்பு மனித இயல்பு.

எண்டோஸ்கோப்போ தேவைக்குக் குறைவாகக் காட்டும். வாசல் மூடிய அறைக்குள் உள்ள நோய், ஸ்பீனாய்டில் மட்டும் தனித்திருக்கும் நோய், மேலே ஃப்ரான்டலில் தேங்கியது எல்லாம் அதன் பார்வைக்குத் தப்பலாம். ஆனால் அது கண்டது என்றால் கண்டதுதான். இடுக்கிலிருந்து சீழ் இறங்குவதைப் பார்த்த மருத்துவர் அங்கேயே பஞ்சில் தொட்டுக் கல்ச்சருக்கு அனுப்பலாம். ஒரு மூக்கில் மட்டும் தொங்குவது பாலிப்பா வேறு கட்டியா என்று நிறத்தை, பரப்பைப் பார்த்து சந்தேகிக்கலாம். அறுவைக்குப் பின் வாராவாரம் பார்க்கலாம். கதிர் இல்லை, கண் லென்ஸுக்குப் பயமில்லை. சி.டி.யில் சளியும் சவ்வும் பாலிப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான். பதிலாக சி.டி. தருவது எலும்பு: மூளையின் தளம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, கண் சுவரில் ஓட்டை இருக்கிறதா, பல்வேரின் சீழ் கன்னத்துக்குள் ஏறியிருக்கிறதா. மூளைத் தளக் குழியின் ஆழத்தைக் கேரோஸ் 1962-இலேயே மூன்று வகையாகப் பிரித்தார். 8 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமானவர்களுக்கு அறுவையில் ஆபத்து அதிகம். ஃபெஸ் செய்யப்போகும் மருத்துவர் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். பூஞ்சை உருண்டை இருந்தால் அறையின் மங்கலுக்கு நடுவே வெண்புள்ளிகள் தெரியும், அதையும் சி.டி.தான் சொல்லும்.

2007-இல் வந்த அமெரிக்க வழிகாட்டு நெறி, அறிகுறிகளை மட்டும் கேட்டு நாள்பட்ட சைனஸ் நோய் என்று சொல்லாதீர்கள், எண்டோஸ்கோப்பிலோ சி.டி.யிலோ ஆதாரம் வேண்டும் என்றது. ஐரோப்பிய நெறியும் அதே கருத்துதான். அறிகுறிகளோடு எண்டோஸ்கோப்பியைச் சேர்த்தால் என்ன ஆகிறது என்று 2010-இல் 202 நோயாளிகளை வைத்துப் பார்த்த ஆய்வில், நோய் என்று சொன்னது சி.டி.யிலும் உறுதியாகும் வாய்ப்பு சுமார் 40 சதவீதத்திலிருந்து 66 சதவீதத்துக்கு ஏறியது. மூக்கு மருத்துவர் ஐந்து நிமிடம் ஸ்கோப் விட்டுப் பார்ப்பதன் மதிப்பு அது.

2021 கோடையில் கருப்புப் பூஞ்சை வந்தபோது இந்தப் பாடம் எங்கள் கண்முன் நடந்தது. அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. கோவிட் தேறி, சர்க்கரை ஏறி, ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போய், கண் வீங்கி வந்தார்கள். தொடக்கத்தில் எடுத்த சி.டி.யில் சில பேருக்குச் சவ்வு லேசாகத் தடித்ததைத் தவிர ஒன்றும் இருக்காது. எலும்பு அரிப்பு தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதே நோயாளிக்கு ஸ்கோப் விட்டால் டர்பினேட் வெளிறியோ கறுத்தோ இருக்கும். தொட்டால் வலிக்காது, ரத்தம் வராது. அந்தத் திசுவைக் கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுக்குக் காத்திருக்காமலே ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சைக் கொல்லி மருந்தைத் தொடங்குவார்கள். பிறகு கண்ணுக்குள்ளும் மூளைப் பக்கமும் எவ்வளவு போயிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் சொல்ல, அறுவையின் எல்லை முடிவாகும். நோயைக் கண்டது ஸ்கோப், அதன் எல்லையைக் காட்டியது படம். இரவு பகலாக மூக்கு மருத்துவர் எங்கள் கன்சோலுக்குப் பக்கத்தில் நின்று, “டாக்டர், இந்தத் துண்டைப் பாருங்க” என்று நாங்கள் காட்ட, “இங்கதான் கறுப்பா பாத்தேன்” என்று அவர் சொன்ன அந்த வாரங்களில், எங்கள் இரண்டு அறைகளும் ஒரே அறையாக இயங்கின. பலருக்குக் கண் தப்பியது.

எது சரியான சோதனை என்ற கேள்விக்கு இந்த வரலாறு தரும் பதில் இதுதான்: இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான கருவிகள். வாசலில் இப்போது என்ன நடக்கிறது என்பதற்கு ஸ்கோப். அறை எப்படி அமைந்திருக்கிறது, நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு சி.டி. ஒன்றை மட்டும் நம்பிய காலத்தில் நோயாளிகள் வீண் வலி பட்டார்கள்; எழுபது வருடம் அதற்குச் சாட்சி.

இன்றைக்கும் நம் ஊர்களில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்கேன் சென்டர் இருக்கிறது, ஸ்கோப் வைத்திருக்கும் மருத்துவர் அடுத்த ஊரில் இருக்கிறார். மூன்று நாள் சளிக்கு நேராக வந்து சி.டி. கேட்கிறார்கள். சாதாரண எக்ஸ்ரே பி.என்.எஸ். கேட்டு இன்னமும் சீட்டு வருகிறது. நான் நேசித்த வேலைதான் என்றாலும், நாள்பட்ட சைனஸுக்கு அந்தப் படம் இனி வேண்டாம் என்று நானே சொல்கிறேன். அதற்குக் கொடுக்கும் பணத்தை மூக்கு மருத்துவரிடம் போகும் பஸ்ஸுக்குக் கொடுக்கலாம். சீட்டு எழுதும் மருத்துவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘சி.டி. பி.என்.எஸ்.’ என்பதோடு இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்: தொந்தரவு எத்தனை வாரமாக, ஸ்கோப்பில் எந்தப் பக்கம் என்ன தெரிந்தது. இளைய ரேடியோகிராஃபர்களிடமும் ஒன்று: அந்த இரண்டு வரி இல்லாத சீட்டு வந்தால் படம் எடுக்குமுன் மருத்துவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். கென்னடியும் ஸின்ரைக்கும் பால்டிமோரில் ஒன்றாக உட்கார்ந்து சாதித்ததை, நம் மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு போன் காலில் தொடங்கலாம்.